செத்துக் கிடக்கும் நேரம்

அந்த நாடகத்தில் நடிக்க அவள் ஒப்புக்கொண்டதே சாகலாம் என்பதற்காகத்தான். பாதி நாடகத்தில் கதாநாயகி செத்துவிடுகிறாள், மீதி நாடகம் முழுக்கக் காரின் பின்சீட்டில் பிணமாகக் கிடக்கிறாள், ஒரு வசனம் கிடையாது, ஓர் அசைவு கிடையாது என்று இயக்குநர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, இவள் கண்ணுக்குள் வந்து நின்றது அந்தப் பின்சீட்டின் மெத்தைதான். சாய்ந்துகொள்ளலாம். கண்ணை மூடிக்கொள்ளலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த வயதில் இப்படியொரு வேடம் யாருக்கு வாய்க்கும்? உடனே சரி என்றாள். அதைக் கலைத்தாகம் என்று இயக்குநர் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும்.

மூலக்கதை ஒரு பழைய ஓபரா. பேச்சே இல்லாமல் தொடக்கம் முதல் கடைசிவரை பாடியே தீர்க்கிற வகை. ஓர் ஓடக்காரன், நோய் முற்றிய மனைவியை ஓடத்தில் கிடத்தி அக்கரை வைத்தியரிடம் கொண்டுபோகிறான். பனிமூட்டத்தில் கரை தெரியவில்லை. அவள் பயப்படாமலிருக்கப் பாடிக்கொண்டே துடுப்புப் போடுகிறான். நடு ஆற்றில் அவள் உயிர் போய்விடுகிறது. அது பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அக்கரை வரைக்கும் பாடிக்கொண்டே போகிறான். அவ்வளவுதான் கதை.

இதை நம் காலத்து நகரத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று இயக்குநர் கிளம்பினார். சின்ன வயது, பெரிய படிப்பு. ஓடம் வாடகைக் கார் ஆயிற்று. ஆறு, வண்டிகள் நகராமல் நிற்கிற சுற்றுச்சாலை ஆயிற்று. பனி புகை ஆயிற்று. ஒரு பழைய காரை வாங்கி, கூரையையும் கதவுகளையும் அறுத்தெறிந்து, மேடை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். பாட்டு மொத்தமும் போய் அந்த இடத்தில் ஓட்டுநரின் பேச்சு வந்தது. பாட்டையும் எடுத்துவிட்டால் ஓபராவில் அப்புறம் என்னதான் மிச்சம் என்று இவள் கேட்டாள்.

"களைப்பு இருக்குக்கா," என்றார் இயக்குநர். "இந்த ஊர்ல எல்லாருக்கும் அது புரியும்."

வாய்ச்சாலக்காரர்தான். ஆனால் அன்று சொன்னது என்னவோ சரியாகத்தான் இருந்தது.

ஓட்டுநராக நடித்தவர் இவள் கணவர். அவரை எல்லாரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். நீதிமன்றப் படிக்கட்டை அவர் மிதித்ததே இல்லை. இளமையில் ஒரு நாடகத்தில் வக்கீலாக வந்து வெளுத்து வாங்கியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவரைக் கட்டிய பாவத்துக்கு இவள் வக்கீலம்மா ஆனாள். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் சொத்துத் தகராறு என்று கதவைத் தட்டியதுகூட உண்டு.

மேடையில் அவருக்கு வாய் நிற்காது. வீட்டில் நேர் எதிர். எவனோ எழுதிக் கொடுத்த வார்த்தைக்கு உயிர் கொடுத்து ஊரையே அழவைப்பார். சொந்தமாக ஒரு வார்த்தை பேசச் சொன்னால் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார். கல்யாணமான புதிதில் இவளிடம் ஆசையாகச் சொன்னதெல்லாம் அப்போது நடித்துக்கொண்டிருந்த நாடகத்தின் வசனம் என்பது, அந்த நாடகத்தைப் போய்ப் பார்த்த அன்றுதான் இவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். அதாவது, சிரிக்கத் தெம்பு இருந்தால்.

அவருக்கு மறதி வந்துவிட்டது. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிற மறதி இல்லை. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்கிற மறதி. முதலில் தெருப்பெயர்கள் போயின. அப்புறம் ஆட்கள். மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் யாரோ ரசிகை என்று நினைத்து நன்றி சொல்லி வைத்துவிடுவார். இவளை மட்டும் மறக்கவில்லை என்று கொஞ்ச நாள் இவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுக்கிறேன்," என்றார். ஆயுள் முழுக்க நீ, வா, போ என்று பேசிய மனிதர். அன்றிலிருந்து நீங்க என்றுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் பேசுகிற மரியாதை.

முன்பே, புத்தி தெளிவாக இருந்த நாளில், டாக்டர் விஷயத்தை உடைத்துச் சொன்ன அன்று, மாடிப்படியில் நின்று அவர் இவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மேடைலேர்ந்து என்னை யாரும் கையப் பிடிச்சு இறக்கக் கூடாது. நானா இறங்கணும்." சரி என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுப்பது சுலபமாகத்தான் இருந்தது.

இந்தக் கார் நாடகம் வந்தபோது, இதோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தாள். கடைசிக் காட்சி வரை ஆடிவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டு, தானாக இறங்கட்டும். ஆனால் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது, வசனம் ஒரு வரிகூட உள்ளே தங்கவில்லை. உடம்புக்கு எல்லாம் நினைவிருந்தது. எங்கே திரும்ப வேண்டும், எப்போது பிரேக்கை மிதிக்க வேண்டும், பின்னால் திரும்பாமல் கண்ணாடியில் மட்டும் மனைவியைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பிசகாது. சொல்தான் இல்லை.

வழி காட்டியது அந்த வேடமே. வாடகைக் கார்க்காரன், காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு கம்பெனிக்காரன் சொல்வதைக் கேட்டபடியே ஓட்டுகிறவன். இவள் ஒலிக்காரரிடம் போய் அழாக்குறையாகக் கேட்டாள். அவர் பழைய ஆள், வக்கீலை அண்ணன் என்றும் இவளை அண்ணி என்றும் கூப்பிடுகிறவர். பொம்மைக் கருவியை நிஜக் கருவியாக மாற்றிக் கொடுத்தார். இவள் போர்த்திக்கொள்ளும் சால்வைக்குள் ஒரு சின்ன மைக்கைத் தைத்து வைத்தார். விஷயம் மூன்று பேரோடு நின்றது. மூன்றாவது ஆளான வக்கீலுக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம்.

உயிரோடு இருக்கும் பாதியில் சிரமமில்லை. கதாநாயகிக்கு நெஞ்சுநோய். இவள் சால்வைக்குள் குனிந்து இருமுவாள். இருமலுக்கு நடுவே அவருடைய வசனத்தை முணுமுணுப்பாள். நிமிர்ந்து தன் வசனத்தைப் பேசுவாள். அந்த இருமலில் ஒரு வாழ்க்கையே தெரிகிறது என்று இயக்குநர் மெய்சிலிர்த்தார். செத்த பிறகுதான் பாடு. முகத்தைச் சபைக்கு மறுபக்கம் சாய்த்து, சால்வையை மோவாய் வரை இழுத்து, உதடு அசையாமல், நெஞ்சு ஏறி இறங்காமல், அவர் பேச வேண்டிய அத்தனையையும் காதுக்குள் சொல்ல வேண்டும். அதுவும் உணர்ச்சி கலக்காமல். எடுத்துக் கொடுப்பவர் சொல்லை மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம்; நீங்கள் அழுதால் நடிகர் உங்கள் அழுகையைக் காப்பியடிப்பார். ஆகவே மளிகைச் சாமான் படிப்பது போல இவள் சொல்வாள். அவர் வாயில் அது வேறு ஏதோவாக வெளியே வரும். அது மட்டும் எப்படியோ அவரிடம் மிச்சம் இருந்தது.

ஓய்வெடுக்கலாம் என்று வாங்கிய வேடம் இப்படி ஆயிற்று. செத்த பிறகும் வேலை.

வீட்டிலும் இதே வேலைதான். பல் தேய்ங்க. துப்புங்க. அது துண்டு, சட்டை இது. கையை உள்ள விடுங்க. சாப்பிட்டாச்சு, இப்பதான் சாப்பிட்டீங்க. காலையில் தொடங்கினால் படுக்கும்வரை ஓர் ஆள் வாழ வேண்டியதை இன்னோர் ஆள் வாயால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, சோப்பு போடுங்க, தண்ணி ஊத்துங்க என்று சொல்லும்போது சில சமயம் இவளுக்கே தன் குரல் காதில் விழாது. மகள் தினமும் கூப்பிடுவாள். "போதும்மா. ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க," என்பாள். நாடகம் முடியட்டும் என்பாள் இவள். அப்பாவுக்காகவா, உனக்காகவா என்று ஒருமுறை மகள் கேட்டுவிட்டாள். இவளுக்குச் சுருக்கென்றது.

நாடகம் அரங்கேறி வாரங்கள் போயின. பாராட்டு வந்தது. கூடவே வக்கீல் முன்பைவிடத் தாமதமாகப் பேசினார். இவள் சொல்லி, அது அவர் காதில் ஏறி, வாய்க்கு வருவதற்குள் மேடையில் ஓர் ஓட்டை விழுந்தது. இயக்குநர் முட்டாள் இல்லை. ஒருநாள் இவளைத் தனியே கூப்பிட்டு, சார் களைச்சுப் போயிட்டார் போலிருக்கே என்றார். இன்னொரு முறை ஏதாவது தடங்கல் வந்தால், போலீஸ்காரராக வருகிறவரை ஓட்டுநராகப் போட்டுவிட்டு போலீஸ்காரருக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். அந்த நடிகர் நாடகத்தில் போலீஸ்காரர், மருந்துக்கடைக்காரர், ஆஸ்பத்திரி வாசல் காவலாளி எல்லாமாகவும் வருகிறவர். முழு வசனமும் தலைகீழாகத் தெரிந்தவர். மாற்றினால், வக்கீலை யாரோ கையைப் பிடித்து இறக்கிவிட்டதாகத்தான் ஆகும். அப்படி ஒன்றும் ஆகாது என்று இவள் அடித்துச் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமைக்கு முந்தின இரவு அவர் தூங்கவில்லை. கார்ச் சாவியைத் தேடினார். நமக்குக் கார் கிடையாது என்றால், ஒரு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், காத்துக்கிட்டிருப்பாங்க என்றார். அலமாரித் துணியெல்லாம் தரைக்கு வந்தது. இவள் ஒவ்வொன்றாக மடித்து வைக்க, அவர் பின்னாலேயே கலைக்க, பொழுது விடிந்தது. பிற்பகல் காட்சிக்கு அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, பஸ்ஸில் ஏற்றி, உடை மாட்டிக் காரில் உட்கார வைத்தபோது இவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

முதல் பாதி ஒழுங்காகப் போயிற்று. இருமினாள், எடுத்துக் கொடுத்தாள், பேசினாள். சுற்றுச்சாலையில் வண்டிகள் நின்றன. நேரம் வந்ததும் வழக்கம்போலச் செத்தாள். தலை சாய்ந்தது. சால்வையை இழுத்துக்கொண்டாள். போலீஸ்காரர் வந்து வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்; அதற்கு ஓட்டுநர் சொல்ல வேண்டிய பதிலைக் கொடுத்தாள்; அவர் சொன்னார்; போலீஸ்காரர் போனார். இனி நீண்ட பேச்சு. ஓபராவில் ஓடக்காரன் பாடும் அந்தப் பெரிய பாட்டுக்குப் பதிலாக வருவது. அதன் முதல் சொல் இவள் நாக்கில் இருந்தது. மெத்தை இதமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கைதட்டல் சத்தத்தில்தான் கண் விழித்தாள். ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை. புரிந்ததும் உயிர் போய் உயிர் வந்தது. திரை மூடியிருந்தது. அவர் முன்சீட்டில் இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஓட்டுநர் கோட்டு இவள்மேல் போர்த்தியிருந்தது. நாடகத்தில் அந்தக் கோட்டை அவர் கழற்றவே மாட்டார்.

போச்சு என்றுதான் நினைத்தாள். இயக்குநர் ஓடிவந்தார், கண் சிவந்து. திட்டப்போகிறார் என்று இவள் எழுந்து நின்றால், அவர் வக்கீலின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சார், இத்தனை நாளா இதை எங்க சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க என்றார். வக்கீல் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். யார் பாராட்டினாலும் எதற்கென்று தெரியாமலே தலையசைக்க அவருக்கு வரும். அதுவும் உடம்பில் ஊறியது.

நடந்ததை இவளுக்குச் சொன்னவர் ஒலிக்காரர். கூட்டம் கலைந்த பிறகு, கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "மூச்சு மட்டும்தான் கேட்டுச்சு அண்ணி. குறட்டைன்னு சொல்ல மாட்டேன், மரியாதையா இருக்காது." தனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லையாம். வக்கீல் காத்திருந்தார். காதிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்தார். சபையில் இருமல்கூட இல்லை. அப்புறம், திரும்பவே கூடாத மனிதர், முழுசாகத் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். கருவியைக் காதிலிருந்து கழற்றி முன்னால் வைத்தார். இறங்கிப் பின்னால் வந்தார். கோட்டைக் கழற்றி இவளுக்குப் போர்த்தினார். குனிந்து பேசினார். மறுபடி முன்னால் போய் உட்கார்ந்து, கடைசிவரை ஒரு வார்த்தை பேசாமல், மேடு பள்ளம் பார்த்து, குலுங்காமல் ஓட்டினார். விளக்குப் போடுகிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் குறைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக் காவலாளிக்கு அன்று வேலையே வரவில்லை.

"என்ன பேசினார்?" என்று இவள் கேட்டாள்.

"நீ தூங்கு, நான் ஓட்டுறேன்னார். அது சபை பூரா கேட்டுச்சு." ஒலிக்காரர் கம்பியைக் கீழே வைத்தார். "இன்னொண்ணு சொன்னார். அது உங்க சால்வை மைக்கில விழுந்தது. எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. எவ்வளவு நேரம்தான் நீயே பேசிட்டிருப்பேன்னார்."

இவள் அங்கேயே, ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் இவளுக்கென்று சொந்தமாகச் சொன்ன பேச்சு. அதை ஊரே கேட்டிருக்கிறது, இவள் கேட்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறாள். அழ வேண்டும் போல இருந்தது. அதற்குள் அவர், கழிவறை எந்தப் பக்கம் என்று வந்து நின்றார்.

பஸ்ஸில் போகும்போது கேட்டுப் பார்த்தாள். இன்னிக்கு மேடையில என்கிட்ட என்னமோ சொன்னீங்களாமே. அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றியெல்லாம் சுருங்க. பிறகு, "உங்களை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்," என்றார்.

மறுநாளும் பிற்பகல் காட்சி. இயக்குநர் முன்னதாகவே வந்து காத்திருந்தார். நேற்று நடந்ததை அப்படியே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நீண்ட பேச்சு வேண்டாம். திரும்புவது, இறங்குவது, கோட்டு, அந்த இரண்டு வரி, பிறகு மௌனம். சார், நேத்து மாதிரியே பண்ணிடுங்க, வேற ஒண்ணும் வேணாம் என்றார். பண்ணிட்டாப் போச்சு என்றார் வக்கீல். நேற்று என்று ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது.

அன்று செத்த பிறகு இவள் காத்திருந்தாள். முந்தின நாள் போலவே எதையும் எடுத்துக் கொடுக்காமல், வாயை மூடிக்கொண்டு, காதை மட்டும் திறந்து வைத்திருந்தாள். தானாக வந்தால் வரட்டும். இமையிடுக்கு வழியே கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. அது இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை பாடம் ஒப்பிக்கும்போது வாத்தியார் வாயைப் பார்க்குமே, அந்தப் பார்வை. கை கருவியைத் தட்டியது. மறுபடி தட்டியது. முதல் வரிசையில் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் பிடரியில் வியர்வை இறங்குவது தெரிந்தது. நேற்று தூங்குகிறவளைப் பார்த்து வந்த வார்த்தை, இன்று விழித்திருக்கிறவளைப் பார்த்து வருமா? அவருக்கு எது தெரியாவிட்டாலும் அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும் போலிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் அவர் மேடையிலேயே உடைந்துவிடுவார்.

இவள் பேசினாள். மளிகைச் சாமான் குரலில்.

"திரும்புங்க."

திரும்பினார்.

"இறங்குங்க. பின்னால வாங்க. கோட்டைக் கழட்டுங்க. வலது கை முதல்ல. என்மேல போர்த்துங்க."

ஒவ்வொன்றாகச் செய்தார். காலையில் இவளே சவரம் செய்துவிட்ட சோப்பு வாசனையோடு அவர் முகம் பக்கத்தில் வந்தது. இனி அந்த வரிகள். தன் புருஷன் தன்னிடம் சொன்ன ஒரே சொந்தப் பேச்சை, தான் கேட்காத பேச்சை, தானே அவர் காதில் ஓத வேண்டும். "நீ தூங்கு. நான் ஓட்டுறேன்." சொல்லிவிட்டாள்.

"நீ தூங்கு. நான் ஓட்டுறேன்," என்றார் அவர்.

கடைப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பது போல இருந்தது. எவனோ எழுதிய வசனத்துக்கெல்லாம் தங்கம் பூசுகிறவருக்கு இது மட்டும் வரவில்லை. தன் பேச்சை நடிக்க அவருக்கு என்றைக்குத்தான் வந்தது? ஆனாலும் சபை அழுதது. நேற்றைக் கேள்விப்பட்டு, அழுவதற்கென்றே சீட்டு வாங்கியவர்கள். பின்சீட்டில் பிணமும் அழுதது. சால்வை இருந்ததால் தப்பித்தது.

திரை விழுந்ததும் நேரே இயக்குநரிடம் போனாள். நல்லாத்தான் இருந்தது, நேத்து மாதிரி இல்லை என்று அவர் தொடங்குவதற்குள், காதுக் கருவி, சால்வை மைக், மறதி, வாக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். கடைசியில், அடுத்த காட்சிக்கு என்ன செய்வது என்று கேட்டார்.

"போலீஸ்காரர் ஓட்டட்டும் தம்பி. இன்னிக்குக் கைதட்டல் வாங்கிட்டார், இன்னிக்கே இறங்கட்டும். இதுக்கு மேல விட்டா வேற யாராவதுதான் இறக்கணும்."

"அப்ப நீங்க?"

"செத்துக் கிடக்கறதுக்கு வேற ஆளைப் பாருங்க. எனக்கு அது சரியா வரல."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு தானே போய் மேடை விளக்குகளைப் போட்டுவிட்டு, எல்லாரையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார். வாய்ச்சாலம் இல்லாமலும் அவருக்குச் சில விஷயங்கள் தெரியும் என்பதை இவள் அன்றுதான் பார்த்தாள்.

மேடையின் ஓரத்தில் மரப்படிகள். கைப்பிடி ஆடும். இவள் வக்கீலுக்குப் பின்னால் நடந்தாள், தொடாமல், எதுவும் சொல்லாமல். காலைப் பார்த்து வைங்க என்று நாக்குநுனி வரை வந்ததைக் கடித்து விழுங்கினாள். அவர் முதல் படியில் நின்று காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒவ்வொரு படியாக, அரசர் வேடம் போட்ட நாளில் இறங்கியிருப்பாரே அப்படி, அவசரமில்லாமல் இறங்கினார். கீழே வந்ததும், "முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிஞ்சுது என்றாள். ஒலிக்காரர் மூலையில் திரும்பி நின்றுகொண்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் சன்னலோரம் இவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் அவர். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைகள், வண்டிகள், சிவப்பு விளக்கு, மறுபடியும் வண்டிகள். அப்போதுதான் இவளுக்கு அந்தத் திருட்டு யோசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டால் என்ன? சாவது போலவே நடிக்கத் தெரிந்தவளுக்குத் தூங்குவது போல நடிப்பது பெரிய காரியமா? தூங்குகிறாள் என்று நம்பினால் ஏதாவது சொல்வாரோ என்னவோ. தலையைச் சன்னல் கம்பியில் சாய்த்தாள். மூச்சைச் சீராக்கினாள். காதைத் தீட்டி வைத்துக்கொண்டாள். நிறுத்தம் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

நடிக்கத்தான் கண்ணை மூடினாள். அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டாள்.

பஸ் நின்றிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. கண்ணைத் திறக்கும் முன்பே இவளுக்குப் புரிந்தது, இறங்க வேண்டிய இடம் எப்போதோ தாண்டிப் போய்விட்டது, இது கடைசி நிறுத்தம். கன்னத்தில் கம்பி இல்லை. கம்பிக்கும் கன்னத்துக்கும் நடுவே ஓர் உள்ளங்கை இருந்தது. எவ்வளவு நேரமாக இருந்ததோ, அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் பக்கத்தில் வந்து, எங்கே இறங்கணும், ஸ்டாப்பைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்துட்டீங்களே, அவங்களை எழுப்பக் கூடாதா என்று குரலை உயர்த்தினார்.

"மெதுவாப் பேசுப்பா," என்றார் அவர். "இப்பதான் தூங்குறா. பாவம், நாள் பூரா பேசிப் பேசித் தொண்டை போச்சு அவளுக்கு."

இவள் காதில் அத்தனையும் விழுந்தது. ஒரு சொல் விடாமல் விழுந்தது. உதட்டை அசைக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. இத்தனை வாரம் பின்சீட்டில் கற்றுக்கொண்ட வித்தை எல்லாவற்றையும் காட்டி, கண்ணை மூடியபடி அப்படியே கிடந்தாள்.

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகிற நடைக்கு இரண்டு டிக்கெட் கிழித்து அவர் சட்டைப்பையில் செருகினார். கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பியது.